யாருக்கும் தெரியாத விரிசல்

சந்தேகப்படுவதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்ட ஆள் நான். வால்வு செய்கிற தொழிற்சாலையில் பரிசோதகர். பளபளவென்று ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் ‘அட, நல்லாருக்கே’ என்பார்கள். நான் ‘இவன் ஏன் இவ்வளவு நல்லவனாட்டம் இருக்கான்’ என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பதினேழு வருஷமாக இதே பிழைப்பு என்பதால் வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. அடுப்பை அணைத்த பிறகு இரண்டு தரம் போய் மோந்து பார்ப்பேன். என் தங்கச்சி எனக்கு வைத்திருக்கிற பேரே ‘சந்தேகம்’. “சந்தேகம் வந்தாச்சா, சாப்பாடு எடுத்து வைக்கலாமா?” என்பாள்.

அவள் அணுமின் நிலையத்தில், பம்ப் அறையில் வேலை பார்க்கிறாள். உலையைக் குளிர வைக்கிற தண்ணீர் அந்த அறை வழியாகத்தான் போகும். அதைத் திறந்து மூடப் பன்னிரண்டு பெரிய வால்வுகள். பன்னிரண்டும் எங்கள் தொழிற்சாலை செய்து கொடுத்தவை. ஒவ்வொரு வால்வின் மூடியையும் எட்டு போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட் உடைந்தால் மூடி பறக்கும். மூடி பறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் அறைக்குள் பாயும், அந்த நேரத்தில் அங்கே நிற்கிறவர்கள் கதி அதோகதிதான். உலைக்குத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் யோசிப்பதில்லை. தங்கச்சியோடு நிறுத்திக்கொள்வேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரே தடவையில் செய்கிற ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போல்ட்டை எடுத்து, எண் பொறித்து, மாதிரி என்று அலமாரியில் வைத்துவிடுவோம். புதிதாகச் சோதனைச் சாயம் வந்தால், டப்பாவைத் திறந்து அந்தப் பழைய நல்ல போல்ட் ஒன்றின் மேல்தான் முதலில் பூசிப் பார்ப்போம். சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். நல்ல போல்ட்டில் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் சாயத்தில் கோளாறு என்று அர்த்தம்.

அன்றைக்குக் காலை தெரிந்தது. போல்ட்டின் கழுத்தைச் சுற்றி, பேனாவால் இழுத்த மாதிரி, சிவப்பாக.

முதலில் சாயத்தைச் சந்தேகப்பட்டேன். வேறு டப்பா எடுத்தேன். அதே கோடு. என் கண்ணைச் சந்தேகப்பட்டு முகம் கழுவிவிட்டு வந்தேன். கோடு அங்கேயே இருந்தது. எண்ணைப் பார்த்தேன். இரண்டு வருஷம் முன்னால் அணுமின் நிலையத்துக்குப் போன தொகுதி. மேலே பூச்சுப் போட்ட போல்ட்டில் இப்படி நடப்பது உண்டு, செய்த அன்றைக்கு முழுசாக இருக்கும், பிற்பாடு தானாக வாய் பிளக்கும். இதன் கூடப்பிறந்தவை தொண்ணூற்றாறும் என் தங்கச்சியின் அறையில் இருக்கின்றன. நல்ல வேளை, வருடாந்திரப் பராமரிப்புக்காக உலையை நிறுத்தியிருந்தார்கள். மறுபடி ஓட்ட இருபத்துமூன்று நாள் இருந்தது.

ஓடினேன் சூப்பர்வைசரிடம்.

“சார், ஒரு விஷயம்...”

“நில்லு!” என்று கையைத் தூக்கினார். “மணி என்ன?”

“பத்து பத்து சார்.”

“நீ என்கிட்ட இன்னும் எதுவும் சொல்லலை. ஞாபகம் வச்சுக்க.”

அவர் தலைக்கு மேல் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதியைக் காட்டினார். எங்கள் கட்டடத்தில் எல்லா அறையிலும் அது தொங்கும். ‘குறைபாடு ஒன்று பொறுப்பாளருக்குத் தெரியவந்த நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அணுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும்.’ நான் அதைப் பதினேழு வருஷமாகப் படித்திருக்கிறேன். சீக்கிரம் அறிவிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் அறிவிக்கவே வேண்டாம் என்று அதைப் படிக்கலாம் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

“உனக்கு எதையோ பார்த்த மாதிரி ஒரு எண்ணம் வந்திருக்கு. அவ்வளவுதானே?” என்றார் சூப்பர்வைசர்.

“எண்ணம் இல்ல சார், விரிசல்.”

அவர் காதைப் பொத்திக்கொண்டார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, என் உதடு அசைவது நிற்கும்வரை ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் ஒரு படிவத்தை நீட்டினார். ‘எண்ணப் பதிவுப் படிவம்’. நாற்பத்தொரு கேள்வி. போல்ட்டைப் பற்றி மூன்று: நிறம், எடை, தற்போது எந்த அலமாரி. மீதி முப்பத்தெட்டும் என்னைப் பற்றி. ‘கண்டவர் இதற்குமுன் எதையாவது கண்டதுண்டா?’ ‘கண்டவருக்கு நிர்வாகத்தில் எவர் மீதாவது மனத்தாங்கல் உண்டா?’ ‘காணாமல் இருந்திருக்க முடியுமா? முடியாதெனில் ஏன்?’

சாயங்காலம் தங்கச்சியிடம் சொன்னேன். “எழுதிக் கொடுத்துட்டேல்ல? அப்புறம் என்ன? பார்த்துக்குவாங்கண்ணே. அதுக்குன்னு எத்தனை பேரை வச்சிருக்காங்க” என்றாள். அந்த எத்தனை பேரைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

எங்கள் தர உறுதி மேலாளருக்கு ‘ஈரத்துணி’ என்று பேர். தொழிற்சாலையில் எங்கே எது சூடாகக் கிளம்பினாலும் போய்ப் போர்த்தி அணைத்துவிடுவார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டீ வரவழைத்தார். பதினேழு வருஷத்தில் அவர் எனக்கு டீ கொடுத்ததில்லை. நான் குடிக்காமல் வைத்திருந்தேன்.

“யார் உன்னைப் பார்க்கச் சொன்னது?” என்றார், அன்பாக.

“யாரும் சொல்லலை சார். புதுச் சாயம் வந்துச்சு...”

“அந்த அலமாரில இருநூறு மாதிரி இருக்கு. நீ ஏன் இதை எடுத்தே?”

“கைக்குப் பக்கத்துல இருந்துச்சு சார்.”

“ஓஹோ.” எழுதிக்கொண்டார். “பக்கத்துல வச்சது யாரு?”

மறுநாள் என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்தம்மா என் கண்ணைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பப் பிரமாதமான கண் என்று எழுதிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம். ஈரத்துணிக்கு அதைவிடச் சந்தோஷம். தேவைக்கு மீறிய பார்வை உள்ளவர் கண்டதை, தேவையான பார்வை உள்ளவர்கள் கண்டதாக எடுத்துக்கொள்ள இயலாது என்று கோப்பில் குறிப்பு எழுதிவிட்டார். இனிமேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோதிக்கும்படி எனக்குத் தனியாக உத்தரவு வந்தது.

நான் சண்டை போட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அதனால் பதினோராம் நாள் குழு கூடியது. ஆய்வு தேவையா என்று ஆய்வு செய்யும் குழு. ஒன்பது பேர், நீளமான மேஜை, நடுவில் ஒரு தட்டில் என் போல்ட். அதன் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

“துணியை எடுத்துப் பாருங்க சார், ஒரு நிமிஷம் போதும்” என்றேன்.

ஒன்பது நாற்காலியும் சர்ரென்று பின்னால் நகர்ந்தன. ஒருவர் எழுந்தே போய்விட்டார். “பார்த்துட்டா தெரிஞ்சுடுமேப்பா” என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் கெஞ்சினார். கொஞ்ச நேரம் கலந்து பேசி, யார் கையாவது தவறுதலாகப் பட்டுத் துணி விலகிவிடக் கூடாதென்று, எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். எட்டுப் பிடரிகளைப் பார்த்தபடி நின்றேன். ஈரத்துணி சுவரைப் பார்த்துப் பேசினார்.

“பதினாலு வருஷம்! இந்தக் கட்டடத்தை விட்டு ஒரு குறைபாட்டு அறிக்கை வெளிய போனதில்ல. இது தானா வந்ததா? எத்தனை பேர் ராப்பகலாக் கண்ணை மூடிக்கிட்டு உழைச்சிருக்காங்க! எனக்கு முன்னால இருந்தவருக்கு நாலு விஷயம் கிட்டத்தட்டத் தெரிஞ்சே போச்சு. மனுஷன் அசரலை. கடைசி நிமிஷத்துல லீவு போட்டாரு. அப்படிப்பட்ட தியாகத்துல நிக்கிற நிறுவனம் இது. இன்னைக்கு ஒரு போல்ட்டுக்காக அதை விட்டுடறதா?”

பிடரிகள் ஆடின. ஆய்வு தேவையா என்று தெரிந்துகொள்ள ஆய்வு தேவைப்படும் என்பதால், ஆய்வு தேவையில்லை என்று முடிவாயிற்று. போல்ட்டைத் துணியோடு ஒரு பெட்டியில் வைத்து ஐந்து இடத்தில் அரக்கு முத்திரை குத்தினார்கள். அலுவலகத்தில் வைத்தால் எவனாவது திறந்து பார்த்துவிடுவான் என்று ஈரத்துணி அதைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். சந்தேகத்தில் அவர் எனக்குச் சளைத்தவர் இல்லை.

அங்கே நிலையத்தில் தங்கச்சியும் தன் ஷிஃப்ட் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். “செஞ்சவங்ககிட்டருந்து முறையா வரட்டும்மா. வராதவரைக்கும் வால்வு நல்ல வால்வுதான்” என்று அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் லீவு போட்டுவிட்டு நானே ஆணையத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதி, படம் வைத்து, கவரில் போட்டுக் கொண்டுபோனேன். குறைபாட்டு அறிக்கைப் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார், சாந்தமான மனிதர். பின்னால் சுவர் முழுக்க அலமாரி. அதில் அவருடைய குடையைத் தவிர ஒன்றுமில்லை.

“பாருங்க, எப்படிக் காலியா இருக்கு” என்றார் பெருமையாக. “எங்கயும் குறையே இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து இந்த அலமாரியைப் பார்த்துட்டுப் போறாங்க.”

கவரை நீட்டினேன். கையைக் கட்டிக்கொண்டார்.

“இது கம்பெனியோட அறிக்கையா, உங்களோட தகவலா?”

“என்னோடதுதான் சார்.”

“இங்க அறிக்கைதான் வாங்குவோம். தகவலைப் பிரிச்சா எனக்குத் தெரிஞ்சதாயிடும். எனக்குத் தெரிஞ்சா முப்பது நாளுக்குள்ள நான் ஏதாவது செய்யணும். இந்த நாற்காலில இதுவரைக்கும் யாரும் எதுவும் செய்ய வேண்டி வந்ததில்ல. நான் முதல் ஆளா இருக்கணுமா?”

“என் தங்கச்சி அந்த அறையில இருக்கா சார்” என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. எனக்கு நம்பிக்கை வந்தது. “அப்ப உங்களுக்கு இதுல சொந்த நலன் இருக்கு!” என்றார். அதை மட்டும் குறித்துக்கொண்டார். இரண்டு விரலால் கவரை வாங்கி, எடை போட்டு, ‘எடை: நாற்பது கிராம், உள்ளடக்கம்: அறியப்படவில்லை’ என்று பதிந்து, பிரிக்காமலே எங்கள் தொழிற்சாலைக்கு, ஈரத்துணியின் கருத்துக்காக அனுப்பிவைத்தார்.

பதினெட்டாம் நாள் எனக்குக் குற்றப் பத்திரிகை வந்தது. நிறுவனத்தின் பொருளைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரியாத ஒன்றை அனுமதியின்றித் தெரிந்துகொண்டிருந்தமை. சாய டப்பாக்களைப் பிடுங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தங்கச்சி காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். “வேலையை விட்டுடும்மா.”

“நான் விட்டா வேற ஒருத்தி வந்து நிப்பா. அவளுக்கு அண்ணன் இருக்கமாட்டானா?” என்றாள். இப்போதெல்லாம் அவள் என்னைச் சந்தேகம் என்று கூப்பிடுவதில்லை. இருபத்தோராம் நாள், செருப்பை மாட்டிக்கொண்டே, “அண்ணே, எங்ககிட்ட ஒண்ணு இருக்கு” என்றாள்.

நிலையத்தில் ஒருவர் குழாய்க்குள் கைவிட்டு வேலை செய்யும்போது வேறு யாரும் வால்வைத் திறந்துவிடக் கூடாதல்லவா? அதற்கு ஒரு சிவப்பு அட்டையும் பூட்டும் எல்லோரிடமும் உண்டு. வால்வில் மாட்டிவிட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார்கள். மாட்டினவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் இன்னொருத்தர் அட்டையில் கை வைக்க முடியாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அதில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை.

அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்கு அவள் முதல் வால்வில் தன் அட்டையையும் பூட்டையும் மாட்டினாள். அது திறக்காமல் உலையை ஓட்ட முடியாது. காரணம் என்ற இடத்தில் ‘போல்ட்டில் விரிசல்’ என்று எழுதினாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மேலே போய்ச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இருபத்தோரு நாளாக ஒரு விரிசலை அறிவிக்க முடியாதவர்கள், என் தங்கச்சியை நாற்பது நிமிஷத்தில் அறிவித்துவிட்டார்கள். பதினொரு கையெழுத்து. குறைபாடு: பணியாளர். அந்தக் காலி அலமாரிக்குப் போய்ச் சேர்ந்த முதல் அறிக்கை அதுதான். கூடவே அவளுக்குத் தற்காலிக நீக்கம். நிலையத்தின் வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று போட்டு, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, மரியாதையாக வேனில் ஏற்றி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அவசரத்தில் சாவியைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் நிலைய மேலாளர். அடுத்தவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்த ஈரத்துணி.

“நாளைக்கு உலையை ஓட்டணும்மா. அந்தப் பூட்டு...” என்றார் மேலாளர்.

“மாட்டினவங்கதானே சார் கழட்டணும்?” என்றாள்.

“அதான், நீயே வந்து கழட்டிடு.”

“நான் உள்ள வரக்கூடாது சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“அந்த உத்தரவை ரத்து பண்ணிடறோம்.”

“காரணம் எழுதணுமே சார். நான் எழுதினது பொய்யின்னாலோ நிஜமின்னாலோதான் ரத்து பண்ண முடியும். எதுன்னு எழுதுவீங்க?”

மேலாளர் ஈரத்துணியிடம் திரும்பினார். “விரிசல் இல்லைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. முடிஞ்சுபோச்சு.”

ஈரத்துணிக்கு வியர்த்துவிட்டது. “அது எப்படிங்க? பார்க்காம எப்படி இல்லைன்னு போடறது?”

“ரெண்டு வருஷம் முன்னால நல்ல வால்வுன்னு எங்களுக்குப் போட்டுக் கொடுத்தீங்களே?”

“நல்ல வால்வுன்னு போடலைங்களே. குறைபாடு எதுவும் தெரியவரலைன்னுதான் போட்டோம். நல்லாப் படிச்சுப் பாருங்க.”

மேலாளர் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக, “அப்ப நான் என்னத்தை வச்சு ரெண்டு வருஷமா ஓட்டிட்டிருந்தேன்?” என்றார். ஈரத்துணியின் கைப்பையைப் பார்த்தார். “பெட்டியைத் திறய்யா” என்றார்.

“வேணாங்க...”

“திறய்யா! நாளைக்கு அந்த வால்வைத் திறக்கச் சொல்லி உத்தரவு கொடுக்கப்போறது நான்.”

ஐந்து முத்திரையும் எங்கள் வீட்டு மேஜையில் உடைந்தன. துணியை விலக்கினேன். வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தாலும் கோடு அப்படியே சிவப்பாக இருந்தது. நான் ஈரத்துணியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் திறந்தார்.

“தெரியுதா சார்?” என்றாள் தங்கச்சி.

“தெரியுது” என்றார், அழுகிற குரலில்.

அவள் நேரத்தைக் குறித்தாள், ஒன்பது இருபது. படிவத்தை அவரே பையிலிருந்து எடுத்தார். பதினாலு வருஷமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்த படிவம். எல்லாவற்றையும் நிரப்பி, ‘குறைபாட்டை முதலில் அறிந்தவர்’ என்ற இடம் வந்ததும் கொஞ்சம் தயங்கி, தன் பேரை எழுதிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைப் பிடித்திருப்பேன். தங்கச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள். “எழுதிக்கட்டும் விடுண்ணே. போல்ட்டைக் கழட்டட்டும், அது போதும்.”

அவருக்கு ஆணையத்தின் பாராட்டுப் பத்திரம் வரப்போகிறதாம். விழிப்பான அமைப்பு தானாகவே கண்டுபிடித்தது என்று வாசகம் கூடத் தயாராகிவிட்டது. என்மேல் இருக்கிற குற்றப் பத்திரிகையை ரத்து செய்ய வழியில்லை, ஏனென்றால் அவருக்கு முன்னாலேயே நான் தெரிந்துகொண்டது அதனால் இன்னும் உறுதியாகிறதாம்.

தங்கச்சியை மறுநாளே உள்ளே விட்டார்கள். தொண்ணூற்றாறு போல்ட்டையும் தன் கண் முன்னால் கழற்றி, சாயம் பூசிப் பார்க்கிறவரைக்கும் பூட்டைத் திறக்கமாட்டேன் என்று நின்றுவிட்டாள். மத்தியானம் போன் வந்தது.

“அண்ணே, முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணுல விரிசலா?” என்றேன்.

“அதுல ரெண்டு, ஸ்பானர் போட்டுத் திருப்பும்போதே ஒடிஞ்சு கையோட வந்துடுச்சு. மூணாவது வால்வு” என்றாள். “மணிக்கொரு தரம் அளவு எழுதணும்ல, அதுக்கு ஒரு மேஜை கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, கொடுக்கலை. நோட்டை அந்த மூணாவது வால்வு மூடி மேல வச்சு, முழங்கையை ஊணிக்கிட்டுத்தான் எழுதுவேண்ணே. வெதுவெதுன்னு கைக்கு இதமா இருக்கும்.”